எம்பிபிடி ஸ்டிக்கர் ஒட்டிய டப்பா: வால்பாறையில் நான் ஏமாந்த கதை

வால்பாறை மாதிரி மூட்டம் போடும் ஊரில் சோலார் வைக்க நினைப்பவர்கள், கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் வீடு தேயிலைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால், கரண்ட் வர இரண்டு நாள்கூட ஆகும். அதனால் போன ஏப்ரலில் கீழே சமவெளியில் ஒரு கடையில் 335 வாட் பேனல் இரண்டு, 12 வோல்ட் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் ஒரு கன்ட்ரோலர் வாங்கினேன். "எம்பிபிடி சார், மேகமா இருந்தாலும் இழுக்கும்" என்றார் கடைக்காரர். எம்பிபிடி என்றால் பேனல் தரக்கூடிய சக்தியை முழுதாக இழுக்கும், விலை கூடிய வகைக் கன்ட்ரோலர். பெட்டி மேலும் அதே ஸ்டிக்கர். ஏப்ரல் வெயிலுக்குச் சாயங்காலத்துக்குள் பேட்டரி நிறைந்துவிட்டது. நானும் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஜூனில் மழை பிடித்தது. மூன்று லைட், ஒரு ரவுட்டர், ஒரு சின்ன டிவி, அவ்வளவுதான். இரவு ஒன்பதுக்கே இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிக்கும். கடைக்குப் போன் செய்தால், "மழைக்காலம்தானே சார், வெயில் வந்தா சரியாயிடும்." இதை நம்பி மூன்று மாதம் ஓட்டினேன்.

கடைசியில் தெரிந்த எலக்ட்ரீசியன் தம்பி ஒருவர் ஒயரில் ஓடும் ஆம்பியரை அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டரோடு வந்தார். பகல் பதினொன்று, நல்ல மூட்டம். பேனல் ஒயரில் 3.4 ஆம்பியர். பேட்டரி ஒயரில் மாட்டினார், அங்கேயும் 3.4. பேனல் வோல்ட் 13 கூட இல்லை. "அண்ணா, இது சாதா பிடபிள்யூஎம்" என்றார், அதாவது மலிவான வகைக் கன்ட்ரோலர். திறந்து பார்த்தால், எம்பிபிடிக்குள் இருக்க வேண்டிய காயிலே உள்ளே இல்லை.

விஷயம் இதுதான். இந்தப் பேனலில் 72 செல். வேலை செய்யும் வோல்ட் 37, 38. பிடபிள்யூஎம் அதை அப்படியே பேட்டரி வோல்ட்டுக்கு இறக்கிவிடும், ஆம்பியர் அதிகமாகாது. உச்சி வெயிலிலேயே 670 வாட்டில் எனக்குக் கிடைத்தது 230 சொச்சம். மூட்டத்தில் வெறும் 44. நிஜ எம்பிபிடி என்றால் மிச்ச வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும். பேட்டரி பக்கம் ஆம்பியர் கூடுதலாகக் காட்டியே ஆக வேண்டும். வாங்கும்போது இந்த ஒரு சோதனையைச் செய்யச் சொல்லுங்கள், அதுவும் பேட்டரி பாதி இறங்கியிருக்கும்போது.

36 செல் பேனலின் வோல்ட் இதில் பாதிதான், அதை 12 வோல்ட் பேட்டரிக்குப் போடுபவருக்கு நல்ல பிடபிள்யூஎம்மே போதும். எம்பிபிடிக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு பேனல் வாங்கிவிடலாம். மூட்டத்துக்கு மோனோ வகைப் பேனல்தான் வேண்டும், பாலி வகை ஆகாது என்று விலையேற்றுவார்கள். ஒரே வாட்டுக்கு மோனோ, பாலி இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், மோனோவுக்கு இடம் குறைவு.

கடையில் போய்க் கேட்டேன். "பேனல் நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். பில்லில் 'சோலார் கன்ட்ரோலர் 1' என்று மட்டும் இருக்கிறது; மாடலும் இல்லை, எம்பிபிடி என்ற சொல்லும் இல்லை. அதை அப்போதே எழுதி வாங்காதது என் தப்பு. நுகர்வோர் உதவி எண் 1915க்குச் சொல்லியிருக்கிறேன், ஸ்டிக்கரைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

வேறு இடத்தில் நிஜ எம்பிபிடி வாங்கி மாட்டியாயிற்று. கையில் தூக்கினாலே கனம் தெரிகிறது. அதே மாதிரி மூட்டத்தில் பேனல் பக்கம் 3.4, பேட்டரி பக்கம் 9. விடாமல் கொட்டும் நாளில் இதுவும் திணறத்தான் செய்கிறது. ஆனால் மூன்று மாதம் அரைச் சார்ஜில் கிடந்த பேட்டரிக்குப் பிளேட்டில் சல்பேட் படிந்துவிட்டது. நாள் முழுக்கச் சார்ஜ் ஏற்றினாலும், ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் 1180ஐத் தாண்ட மறுக்கிறது, முழுச் சார்ஜ் அளவுக்கு ஏறவே இல்லை.