"மலைக்காற்று மெலிது" என்று சொல்லி விற்கப்படும் படகு எஞ்சின்கள்: காசல்ரீ, மவுசாகலைப் பக்கத்தாருக்கு ஓர் எச்சரிக்கை

இலங்கை மலையகத்தில் காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை நீர்த்தேக்கங்களின் கரையில் விருந்தினர் விடுதி நடத்துகிறவர்களும், சொந்தமாக ஒரு மோட்டார்ப் படகு வாங்க நினைக்கிறவர்களும் முற்பணம் கொடுப்பதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள். கரையோரப் பகுதியிலிருந்து பழைய பைபர் படகுகளையும், படகின் பின்னால் வெளியே மாட்டும் வெளியிணைப்பு எஞ்சின்களையும் லொறியில் மலைக்கு ஏற்றி வந்து விற்கும் ஒரு வியாபாரி, என்னையும் என் மச்சானையும் ஐந்தரை இலட்சம் ரூபாய்க்கு ஏமாற்றிவிட்டார். பணம் போனது வலிக்கிறது. அந்தப் படகில் பிறர் வீட்டுப் பிள்ளைகளை ஏற்றியிருப்போம் என்று நினைக்கும்போது வருகிற ஆத்திரம் அதைவிடப் பெரியது.

விற்கப்பட்டது 14 அடிப் படகு. பின்னால் 15 குதிரைவலு என்று பெரிதாக எழுதிய இரண்டு சிலிண்டர் எஞ்சின். உயிர்காப்பு அங்கிகள் ஆறு "அன்பளிப்பு". அவருடைய முற்றத்தில் தண்ணீர் நிரப்பிய டிரம்முக்குள் எஞ்சினின் அடிப்பகுதியை இறக்கி இயக்கிக் காட்டினார். ஒரே இழுவையில் பற்றிக்கொண்டது, சத்தமும் சீராக இருந்தது. நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே அவர் அதை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார் என்று அங்கே வேலை செய்த பையன் பின்னர் சொன்னான். டிரம்மில் எஞ்சினுக்குச் சுமை கிடையாது. ஒரு சிலிண்டர் பாதி செத்திருந்தாலும் அங்கே தெரியாது. குளிரூட்டும் நீரோட்டம் அடைபட்டிருந்தாலும் சில நிமிடங்களில் அது வெளிப்படாது. அதனால்தான் இப்படி விற்கிறவர்களுக்கு டிரம் பிடிக்கிறது.

காசல்ரீயில் இறக்கி, நானும் மச்சானும் நீச்சல் தெரிந்த தோட்டத்துத் தம்பி ஒருவனும் ஏறினோம். முழு வேகத்துக்குத் திருகியும் படகின் மூக்கு வானத்தைப் பார்த்தபடியே இருந்தது. பின்பகுதி தண்ணீரை இழுத்துக்கொண்டு நகர்ந்ததே தவிர, படகு எழும்பி ஓடவில்லை. பிற்பகல் காற்று கிளம்பிய நேரத்தில் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. துடுப்புப் போட்டும் காற்று எங்களைப் பக்கவாட்டில் தள்ளியது. வலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் தன் தோணியில் வந்து கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்.

தொலைபேசியில் அழைத்தபோது வியாபாரி கொஞ்சமும் தயங்கவில்லை. "ஐயா, அது உங்கள் மலைக்காற்று. கடல் மட்டத்தில் பறந்த எஞ்சின் அங்கே மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்றார். இந்த இடத்தைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. உயரம் போகப் போகக் காற்று மெலிகிறது. ஏறக்குறைய 300 மீற்றருக்கு 3 வீதம் என்ற கணக்கில் எஞ்சினின் வலு குறைகிறது. காசல்ரீ சுமார் 1,100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஆகவே இழப்பு 11 வீதம் அளவில்தான். நுவரெலியாவில் கிரகரி வாவியில் 18, 19 வீதம் வரை போகலாம். உண்மையான 15 குதிரைவலு எஞ்சின் காசல்ரீயில் 13க்கு மேல் தர வேண்டும். எங்களுடையதோ அதில் பாதியைத் தந்திருந்தாலே அதிகம். மலை எடுப்பது எவ்வளவு, விற்றவர் எடுத்தது எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போட்டுப் பார்க்க மாட்டோம் என்பதுதான் அவருடைய நம்பிக்கை.

திருகோணமலையில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்தியே வாழ்ந்த என் மனைவியின் தகப்பனார் வந்து பார்த்தார். மூடியைக் கழற்றியதும், "மருமகன், இந்த மூடி இந்த எஞ்சினுக்குப் பிறந்தது இல்லை" என்றார். பல தயாரிப்புகளில் 9.9 குதிரைவலுவும் 15 குதிரைவலுவும் ஒரே அளவுத் தொகுதியில் வருகின்றன. எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரிலும் காற்று போகும் வழியிலும்தான் வேறுபாடு. வெளியே பார்த்தால் ஒட்டியிருக்கும் எழுத்தைத் தவிர வேறு அடையாளம் இல்லை. எங்கள் எஞ்சின் 9.9. படகோடு பிணைக்கும் இடத்தில் இருக்க வேண்டிய தொடர் இலக்கத் தகட்டைக் கழற்றி, ஆணித் துளைகளை மறைத்து வர்ணம் பூசியிருந்தார்கள்.

அதன்பிறகு, சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் அளவுமானியை வைத்தார். ஒரு சிலிண்டரில் 115 psi, மற்றதில் 70. இதற்கும் வியாபாரியிடம் மலைக்காற்று என்ற பதில் இருந்தது. மெல்லிய காற்று இரண்டு சிலிண்டரையும் ஒன்றுபோலத்தான் குறைக்கும். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துக் குறைக்காது. இரண்டுக்கும் இடையே பத்துப் பதினைந்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிஸ்டன் வளையமோ சிலிண்டரோ தேய்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம், நீங்கள் பிதுருதலாகல உச்சியில் நின்று அளந்தாலும் சரி.

கீழே கியர்ப் பெட்டியின் திருகைத் திறந்தபோது எண்ணெய் பால்தேநீர் நிறத்தில் வடிந்தது. உள்ளே தண்ணீர் புகுந்திருந்தது. தண்ணீரைத் தள்ளும் விசிறியைக் கழற்றினால் தண்டைச் சுற்றி நைலோன் மீன்வலை நூல் இறுகிப்போய் இருந்தது; அதுதான் எண்ணெய்க் காப்பு வளையத்தை அறுத்திருக்கிறது. நீர் ஓடும் வழிகளில் உப்புப் படிந்து அடைத்திருந்தது. கடலில் ஓடிய எஞ்சினை ஒவ்வொரு முறையும் நன்னீரால் கழுவ வேண்டும், இதை யாரும் கழுவியதில்லை. அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்வதற்காகப் பொருத்தும் துத்தநாகக் கட்டியின் மேலேயே வர்ணம் பூசியிருந்தார்கள். வர்ணம் பூசினால் அந்தக் கட்டி இருந்தும் பயனில்லை. இதுகூடத் தெரியாதவரா எஞ்சின் விற்கிறார் என்று மாமா கேட்டார். தெரிந்தேதான் செய்திருப்பார் என்று நான் நினைக்கிறேன். புதுசு போலத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தேவை.

மஸ்கெலியாப் பக்கத்தில் இதே ஆளிடம் வாங்கிய இன்னொருவருடைய விசிறித் தண்டு வளைந்திருந்தது. அவருக்குக் கிடைத்த பதில், "தண்ணீருக்கு அடியில் இருக்கும் பழைய நகரத்தின் சுவரில் நீங்கள்தான் மோதியிருப்பீர்கள்" என்பது. மவுசாகலை வற்றும்போது மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோவிலும் விகாரையும் வெளியே தெரிவது உண்மைதான். வறட்சிக் காலத்தில் அங்கே விசிறி அடிபடுவதும் நடக்கிறது. ஆனால் அந்தத் தண்டின் வளைவுக்குள் பழைய துரு ஊறிப்போய் இருந்தது. படகு மவுசாகலைத் தண்ணீரைத் தொட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. நம் மலையின் உண்மைகளையே எடுத்துத் தன் பொய்க்குச் சாட்சியாக நிறுத்துகிறார் இந்த மனிதர்.

படகின் உடலிலும் மோசடி இருந்தது. எஞ்சினைத் தாங்கும் பின்பலகைக்குள் இருக்கும் ஒட்டுப்பலகை அழுகியிருந்தது. மேலே புதுப் பூச்சு. சுத்தியல் பிடியால் தட்டினால் நல்ல பலகை கணீரென்று பேசும், அழுகியது மந்தமாகச் சத்தமிடும். எஞ்சினைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் பலகை வளைவது கண்ணுக்கே தெரியும். முழு வேகத்தில் அது பிளந்தால் எஞ்சினும் போகும், படகுக்குள் தண்ணீரும் வரும்.

அந்த அங்கிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நீச்சல் தெரிந்தவருக்கான மிதவை அங்கிக்கே குறைந்தது 50 நியூட்டன் மிதப்பு வேண்டும், நீச்சல் தெரியாதவருக்கு 100 அல்லது அதற்கு மேல். 50 நியூட்டன் அங்கியே 5 கிலோ இரும்புப் படியைத் தாங்கி மிதக்க வேண்டும். நாங்கள் கட்டிப் பார்த்தோம். ஆறில் நான்கு படியோடு சேர்ந்து கீழே போயின. தையலைப் பிரித்தால் உள்ளே பொருள் பொதி செய்யும் மலிவு நுரைத்துண்டுகள், தண்ணீர் ஊறியவை. குளிர்ந்த ஆழமான நீர்த்தேக்கத்தில் ஒரு குழந்தைக்கு இதை மாட்டிவிட்டு, பாதுகாப்பு செய்துவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருப்போம். விலை பேசி விற்றிருந்தாலும் இது குற்றம், அன்பளிப்பாகக் கொடுத்தாலும் குற்றம்.

ஆகவே, நீர்நிலையில் இறக்கி, நீங்கள் ஏற்றப்போகும் ஆட்களின் எடையோடு குறைந்தது அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் போய்ச் சேரும்போது எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். தொடர் இலக்கத் தகடு இல்லாத எஞ்சினுக்கு விலையே பேச வேண்டாம். பற்றுச்சீட்டில் குதிரைவலுவையும் தொடர் இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் சீட்டில் "பழைய படகும் எஞ்சினும், உள்ளபடி" என்று மட்டுமே இருக்கிறது, அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அவர் இன்று தப்பிக்கப் பார்க்கிறார். நல்ல எஞ்சின் கிடைத்துவிட்டால் மலையின் குறைவுக்கு மருந்து உண்டு: ஓர் அங்குலம் அல்லது இரண்டு அங்குலம் குறைந்த பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) உள்ள விசிறி, கார்புரேட்டருக்குச் சற்றுச் சிறிய ஜெட் (எரிபொருள் போகும் துளை). நிமிடத்துக்கான சுழற்சி தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு ஏறும்.

நுவரெலியாவிலிருந்து ஒருவர் பாய்மரப் படகு ஒன்றை இதே ஆளிடம் விலை கேட்டிருப்பதாக அறிந்தேன். பாய் புதிதாக இருப்பதைப் பார்த்து முடிவு செய்துவிட வேண்டாம். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் முடிகிற உலோகக் குழாய்களில் மயிரிழை வெடிப்போ துருக் கோடோ இருக்கிறதா என்று கையில் எடுத்துப் பாருங்கள். மலை இடுக்கிலிருந்து திடீரென இறங்கும் காற்றில் அறுவது அந்த இடம்தான்.

மத்தியஸ்த சபைக்கு எழுதியிருக்கிறோம். நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கும் முறையிட்டிருக்கிறோம். எஞ்சினைத் திருப்பிக் கொண்டுவந்தால் ஓர் இலட்சம் தருவதாக வியாபாரி சொல்லி அனுப்பினார். நாங்கள் கொடுக்கவில்லை, திருத்திப் பூசி அடுத்தவர் தலையில் கட்டுவார். இப்போது கொத்மலைப் பக்கம் இன்னொரு 14 அடிப் படகை விற்பனைக்குக் காட்டிக்கொண்டிருக்கிறாராம். வெளியே நீலம், பின்பலகையில் மட்டும் புது வெள்ளைப் பூச்சு, இலக்கத் தகடு இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருக்கும். அதைப் பார்க்கப் போகிறவர்கள் எங்களுக்குச் சொல்லுங்கள். மாமா ஹட்டனில்தான் இருக்கிறார், அளவுமானியோடு கூட வருவார், கூலி கேட்க மாட்டார்.