எடைக் குறைப்பு மையத்தில் 38,000 கட்டி ஏமாந்த கதை

மதுரையில் ஒரு எடைக் குறைப்பு மையத்தில் ஆறு மாதப் பேக்கேஜுக்கு 38,000 ரூபாய் கட்டினேன். பணம் போனதைக்கூட விடுங்கள், இருந்த கோளாறை இரண்டு மடங்காக்கி அனுப்பிவிட்டார்கள்.

சேரும்போது நான் 112 கிலோ. உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு எல்லாம் எடுத்தார்கள். எப்படிச் சாப்பிடுகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்: "மேடம், ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு நிறுத்த முடியாம சாப்பிடறேன். பசியே இருக்காது." அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "வாயைக் கட்டினா சரியாயிடும் சார்" என்று ஒரு தாளை நீட்டினார். நாளைக்கு 800 கலோரி. காலையில் ஒரு பவுடர் (அவர்களே விற்பது, அதற்குத் தனிக் காசு), மதியம் ஒரு சப்பாத்தி, இரவு வெள்ளரிக்காய்.

பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பதினோராம் நாள் ராத்திரி, ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடியே மிச்சச் சோறு, அரை பாக்கெட் பிரெட், மகனுக்கு வாங்கிய மிக்சர், எல்லாம் இருபது நிமிடத்தில் காலி. மிக்சர் கவரை மடித்துக் குப்பைக்கூடையில் வெங்காயத் தோலுக்கு அடியில் திணித்தேன்.

சனிக்கிழமை எடை பார்க்கும் நாள். குறைந்தவருக்கு மணி அடித்துக் கைதட்டுவார்கள். கூடினால் போர்டில் பெயருக்கு நேரே சிவப்புப் பொட்டு. எனக்கு வரிசையாக நான்கு பொட்டு. பொட்டு விழுந்த ராத்திரியெல்லாம் இன்னும் கூடுதலாகத் தின்றேன். வாராவாரம் கைதட்டு வாங்கிய ஒரு கல்லூரிப் பெண் ஒரு நாள் மாடிப்படியில் மயங்கி விழுந்தது. அதற்கும், "உடம்பு பழகிக்கும்" என்றார்கள்.

கடைசியில் மனைவி அந்தக் கவர்களைப் பார்த்துவிட்டு, மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனாள். பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர் என்றார் அவர், அதாவது நிறுத்த முடியாமல் அளவுக்கு மீறித் தின்னும் நோய். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 2013-லேயே தனி நோயாகச் சேர்த்துவிட்டார்களாம். கட்டுப்பாடே இல்லாமல் இப்படித் தின்பது வாரம் ஒரு தடவையாவது, மூன்று மாதம் தொடர்ந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆம்பளைக்கும் வரும். அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னபோது, "குண்டா இருந்தாலும் பட்டினி பட்டினிதான், அதுவும் நோயில் கொண்டுபோய் விடும்" என்றார்.

1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்த ஒரு சோதனையையும் சொன்னார். ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரை வயிற்றில் வைத்திருந்தார்கள். சோதனை முடிந்த பிறகு சிலர் வயிறு முட்டத் தின்றும் அடங்கவில்லை. அவர்களுக்குக் கொடுத்தது நாளைக்குச் சுமார் 1,570 கலோரி. எனக்கு 800!

இப்போது எனக்கு மூன்று வேளைச் சாப்பாடு, நேரம் தவறக்கூடாது. கூடவே வாரம் ஒரு சிபிடி கவுன்சிலிங், அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை. சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் தராசில் மட்டும் ஏற்றும் இடத்தில் பணம் கட்டாதீர்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14416-க்குப் போன் போடுங்கள். அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். பொடி எழுத்தில், 'கட்டிய பணம் திருப்பித் தரப்படாது'. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். மறுநாளே மையத்திலிருந்து போன்: "சார், இன்னும் ரெண்டு மாசம் ஃப்ரீயா தர்றோம், புகாரை வாபஸ் வாங்கிடுங்க."