ஸ்பெஷல் விடெவ்வா, எல்2ஆர்க்கா: மெட்டாடேட்டாவுக்கு எவ்வளவு எஸ்எஸ்டி?

ஸெட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் பல ஹார்ட் டிஸ்க்கைச் சேர்த்துக் கட்டிய பெரிய பூலில் முதலில் திணறுவது மெட்டாடேட்டாதான், அதாவது ஃபைலின் பெயர், அளவு, இருக்கும் இடம் போன்ற விவரங்கள். லட்சக்கணக்கில் ஃபைல் உள்ள டைரக்டரியைப் பட்டியலிடச் சொன்னால் டிஸ்க் ஹெட் அலைந்துகொண்டே இருக்கும். எஸ்எஸ்டி சேர்ப்பது என்று முடிவானால் இரண்டு வழி: மெட்டாடேட்டாவின் நகலை எஸ்எஸ்டியில் வைக்கும் எல்2ஆர்க் என்ற கேஷ், மெட்டாடேட்டாவையே அங்கே குடிவைக்கும் ஸ்பெஷல் விடெவ் (விடெவ் என்றால் பூலுக்குள் ஒரு டிஸ்க் தொகுதி). ரேம் இரண்டுக்குமே தாராளமாக வேண்டும், அதைப் பற்றிப் பேச்சில்லை.

எல்2ஆர்க் பயமில்லாதது. ஒற்றை எஸ்எஸ்டி போதும். செத்தாலும் பூலுக்கு ஒன்றும் ஆகாது, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். செகண்டரிகேஷ் என்ற அமைப்பை மெட்டாடேட்டா என்று வைத்தால் வேலை முடிந்தது. ஓப்பன்ஸெட்எஃப்எஸ் 2.0 முதல் ரீபூட்டுக்குப் பிறகும் உள்ளே இருப்பது அழியாது. ஆனால் அது படிப்பதற்கு மட்டுமே உதவும். பல லட்சம் ஃபைலை அழிக்கும்போதும் உருவாக்கும்போதும் மெட்டாடேட்டா எழுத்து பழையபடி ஹார்ட் டிஸ்க்குக்கே போகும். முதல்முறை தேடும் டைரக்டரியும் மெதுவாகத்தான் வரும்.

அதனால் என் ஓட்டு ஸ்பெஷல் விடெவ்வுக்கு. விலையும் உண்டு: அது போனால் பூல் மொத்தமும் போச்சு. ரெயிட்ஸி (பாரிட்டி என்ற மீட்புத் தகவலை வைத்து டிஸ்க் இழப்பைத் தாங்கும் முறை) பூலில் ஒருமுறை சேர்த்துவிட்டால் கழற்றவும் முடியாது. ஆகவே வாங்குமுன் அளவைக் கணக்கிட்டாக வேண்டும்.

கணக்கின் அச்சாணி ரெக்கார்டு சைஸ், அதாவது ஃபைலை வெட்டி வைக்கும் துண்டின் (பிளாக்கின்) உச்ச அளவு. ஒவ்வொரு டேட்டா பிளாக்குக்கும் 128 பைட் சுட்டி ஒன்று உண்டு. 200 டிபி டேட்டா, ரெக்கார்டு சைஸ் 128 கேபி என்றால் சுமார் 168 கோடி பிளாக். சுட்டிகள் மட்டும் 200 ஜிபி. மெட்டாடேட்டாவை ஸெட்எஃப்எஸ் இரண்டு பிரதியாக எழுதுவதால் 400 ஜிபி. அதே டேட்டாவை 1 எம்பி ரெக்கார்டில் வைத்தால் இது 50 ஜிபியாகச் சுருங்கும். விர்ச்சுவல் மெஷின் வால்யூம்களுக்கு 16 கேபி வைத்தாலோ 3.2 டிபி! 'டேட்டாவில் 0.3 சதவீதம் ஒதுக்கு' என்ற வாய்ப்பாடு இங்கேதான் காலை வாரும். மெட்டாடேட்டா கம்ப்ரஸ் ஆகித்தான் உட்காரும் என்பதால் இவை உச்சவரம்புகள். அந்த லாபத்தை நம்பி டிஸ்க்கைக் குறைக்க வேண்டாம்.

அடுத்தது ஃபைல் எண்ணிக்கை. ஒவ்வொரு ஃபைலுக்கும் உள்ள விவரப் பதிவான டிநோட் குறைந்தது 512 பைட். டைரக்டரிப் பதிவையும் சேர்த்து ஃபைலுக்கு 1 கேபி என்று வைத்தால் 10 கோடி ஃபைலுக்குச் சுமார் 100 ஜிபி, இரண்டு பிரதிக்கு 200. மொத்தம் 600 ஜிபி. 960 ஜிபி எஸ்எஸ்டியில் இது அடங்கும், ஆனால் வளர அதிக இடமிருக்காது, 1.92 டிபிதான் சரி. பூல் ரெயிட்ஸி2 என்றால் மூன்று டிஸ்க்கிலும் ஒரே நகலை வைக்கும் மிரர் வேண்டும். மற்ற விடெவ்கள் இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும்போது இது மட்டும் ஒன்றைத்தான் தாங்கும் என்றால் அர்த்தமில்லை. ஒரே மாதிரியான பிளாக்கை ஒருமுறை மட்டும் சேமிக்கும் டிடூப் ஓட்டினால் அதன் டேபிளும் இங்கேதான் வந்து உட்காரும். மேலே சொன்ன கணக்கு அதற்குச் செல்லாது.

ஏற்கெனவே ஓடும் பூல் கையில் இருந்தால் ஊகமே வேண்டாம். ஸெட்எஃப்எஸ்ஸின் ஸெட்டிபி கட்டளையைப் பெரிய எல், சின்ன பி மூன்று, சின்ன எஸ் சேர்த்து ஓட்டினால் வகைவாரியாக எவ்வளவு இடம் என்று காட்டும், கடைசியில் பிளாக் அளவு வாரியான அட்டவணையும் வரும். பெரிய பூலில் மணிக்கணக்கில் ஓடும், பொறுமை வேண்டும். ஏசைஸ் என்ற பத்தியில் ரெயிட்ஸி பாரிட்டியும் சேர்ந்திருக்கும், ஆகவே மிரரில் தேவை அதைவிடக் குறைவு.

சின்ன ஃபைல்களையும் எஸ்எஸ்டிக்கு அனுப்பும் ஸ்பெஷல் ஸ்மால் பிளாக்ஸ் அமைப்பைத் தொடுமுன் அந்த அட்டவணையைப் பாருங்கள். 32 கேபி வரை உள்ளவை மொத்தம் எத்தனை டிபி என்று அதிலேயே தெரியும். இந்த அமைப்பின் மதிப்பை ரெக்கார்டு சைஸுக்குச் சமமாக வைத்தால் டேட்டா முழுவதும் எஸ்எஸ்டிக்கே வரும். ஸ்பெஷல் விடெவ் 75 சதவீதம் நிரம்பியதும் சின்ன பிளாக்குகள் ஹார்ட் டிஸ்க்குக்குத் திரும்பிவிடும், மீதி 25 மெட்டாடேட்டாவுக்கென்று காக்கப்படும். அதுவும் நிரம்பினால் மெட்டாடேட்டாவே சத்தமில்லாமல் ஹார்ட் டிஸ்க்குக்கு வழியும், பிழைச் செய்தி எதுவும் வராது. ஸெட்பூல் லிஸ்ட்டை சின்ன வி சேர்த்து ஓட்டிப் பார்ப்பதுதான் வழி.

சேர்க்கும்போது நடக்கும் பெரிய விபத்து 'மிரர்' என்ற சொல்லை மறப்பது. பாதுகாப்பு அளவு பொருந்தவில்லை என்று ஸெட்பூல் தடுக்கும். எஃப் போட்டு மீறினால் ஒற்றை எஸ்எஸ்டியை நம்பிப் பூல் தொங்கும். உடனே அட்டாச் கட்டளையால் இன்னும் இரண்டை மிரராகச் சேர்த்துவிட வேண்டும். பழைய மெட்டாடேட்டா தானாக எஸ்எஸ்டிக்கு நகராது, சேர்த்தபின் எழுதுவதுதான் அங்கே போகும். நிரம்பிய பூலில் வேகம் வேண்டுமென்றால் டேட்டாசெட்டை செண்ட், ரிசீவ் கட்டளைகள் மூலம் நகலெடுத்து மறுபடி எழுதியாக வேண்டும், அதற்குக் காலி இடமும் வேண்டும். அந்த இடம் இல்லாத பூலுக்கு எல்2ஆர்க்தான் சரி.