மேப்பிள் பானில் படியும் கறை: வினிகரா, புளித்த சாறா?

ஏப்ரலில் மொட்டு வீங்கத் தொடங்கியதும் கனடாவில் எங்கள் ஒன்டாரியோ பக்கம் மேப்பிள் மரச் சாற்றைச் சிரப்பாகக் காய்ச்சும் வேலை முடிந்துவிடும். அடுப்பு ஆறிய பிறகு, காய்ச்சும் அகலமான தட்டைப் பாத்திரமான பானின் அடியைப் பார்த்தால் சுண்ணாம்பு பூசிக் காய்ந்த மாதிரி ஒரு படலம். நகத்தால் சுரண்டினால் அசையாது. சுமார் 40 லிட்டர் சாறு சுண்டி 1 லிட்டர் சிரப் ஆகும்போது அதிலுள்ள கால்சியமும் மாலிக் அமிலமும் சேர்ந்து இப்படி இறுகிவிடும். இங்கே இதை ‘சுகர் சாண்ட்’ என்பார்கள், ‘நைட்டர்’ என்பவர்களும் உண்டு.

இதைக் கரைக்க மூன்று வழிகள் உண்டு: வினிகர், பானிலேயே புளிக்கவிட்ட சாறு, கடையில் விற்கும் பாஸ்பாரிக் அமிலக் கரைசல். மூன்றும் வேலை செய்யும். நான் புளித்த சாற்றின் பக்கம்.

கடை அமிலத்தை நண்பர் ஒருவர் பயன்படுத்தும்போது ஒரே ஒருமுறை பக்கத்தில் இருந்திருக்கிறேன். சீக்கிரம் கரைந்தது. ஆனால் கையுறை, கண்ணாடி, கழுவிய நீரை எங்கே கொட்டுவது என்ற கவலை எல்லாம் கூடவே வந்தன. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு அனுபவம் போதாது.

வினிகர் நல்லது, சிறிய பானுக்கு. சாதாரண 5 சதவீத வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்துச் சூடாக்கி ஓர் இரவு விட்டால் போதும். என்னுடையது 2க்கு 4 அடி. இரண்டு அங்குலம் நிரப்பவே 38 லிட்டர் வேண்டும், அதில் பாதி வினிகர். போன வருடம் அப்படித்தான் செய்தேன். சமையல் சோடா கரைத்த நீரால் ஒருமுறை, வெறும் வெந்நீரால் மூன்றுமுறை அலசியும் மூலைகளில் வாடை கொஞ்சம் நின்றது.

ஆனால் நான் சொல்ல வந்தது செலவைப் பற்றி அல்ல, தகட்டைப் பற்றி. முதல் வருடம் பொறுமை இல்லாமல் இரும்புக் கரண்டியால் சுரண்டினேன். பான் தகடு 1 மில்லிமீட்டர்கூட இல்லை. மூலையில் வெல்டிங் ஓரமாக ஒரு கீறல் விழுந்தது. அடுத்த வருடம் அதே இடத்தில் கறை முதலில் பிடித்தது, பிடித்த இடத்தில் சிரப் தீய்ந்தது, மார்ச் கடைசியில் சொட்டத் தொடங்கியது. சாறு கொதித்துக்கொண்டிருக்கும்வரை தகட்டின் சூடு 104 டிகிரியை ஒட்டியே இருக்கும். நடுவில் கறை வந்து உட்கார்ந்துவிட்டால் சூடு சாற்றுக்குப் போகாது, தகட்டிலேயே நின்று அதை நெளியவைத்துவிடும். மெல்லிய தகட்டுக்கு ஏற்ற டிக் (TIG) வெல்டிங்கில் ஓட்டை அடைபட்டது. அடைத்த இடம் மட்டும் இன்னும் லேசாக உப்பி நிற்கிறது, சிரப் அங்கே மெல்லிசாகத்தான் பரவுகிறது. ஆகவே சுரண்டவே தேவையில்லாத வழி எது என்பதுதான் எனக்கு முக்கியம்.

அதில் புளித்த சாறுதான் முந்துகிறது. மொட்டு வீங்கிய பிறகு வரும் சாற்றில் சிரப் காய்ச்சினால் ருசி கெட்டுவிடும். அந்தச் சாற்றையே பானில் விளிம்புவரை ஊற்றி மூடிவிடுகிறேன். மூன்று, நான்கு வாரத்தில் மேலே வெள்ளையாகப் பூஞ்சை படரும், நாற்றமும் பலமாக இருக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் காய்ச்சும் கொட்டகை இருந்தால் இது ஒத்துவராது. ஆனால் இந்த மே மாதம் வடித்தபோது கறை முட்டை ஓடு மாதிரி சில்லுசில்லாகத் தானே பெயர்ந்து வந்தது. ஸ்பாஞ்சால் ஒரு தேய்ப்பு, வெந்நீர், அவ்வளவுதான்.

இது எஃகு பானுக்கு மட்டும். ஈயப் பற்று வைத்த பழைய தகரப் பானில் வினிகரோ புளித்த சாறோ எதுவும் வேண்டாம், அமிலம் ஈயத்தைக் கரைக்கும். அந்தப் பற்று 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், ஒருமுறை சாறு வற்றினாலே இணைப்பு விட்டுவிடும். அப்படிப்பட்ட பான் கையில் இருந்தால் மறுபடி பற்றுவைத்து ஒட்டப் பார்க்காமல் ஒதுக்கிவிடுங்கள்.