காய்ந்தால் மறைக்கும், நனைந்தால் காட்டிக்கொடுக்கும்: கூட்டு வெள்ளை நிறமியுடன் என் அனுபவம்

பெயிண்டுக்கு வெண்மையும் மறைக்கும் திறனும் தரும் டைட்டானியம் டை ஆக்சைடில் பாதியைக் குறைத்து, அதனிடத்தில் கூட்டுக் கனிம நிறமியை (வேறொரு கனிமத் துகளின் மேல் அதையே ஒட்டவைத்துச் செய்வது) போடலாமா என்று பெயிண்ட் தயாரிக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். இதை நானே அரைத்து, உட்சுவருக்கான எமல்ஷனில் நெடுங்காலமாகச் சேர்த்து வருவதால் பதிலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

செய்முறை அவருக்குத் தெரிந்ததுதான்: கால்சியம் கார்பனேட்டை நீரில் நைய அரைத்து, ரூட்டைல் என்ற படிக வகை டைட்டானியம் டை ஆக்சைடைச் (இனிச் சுருக்கமாக டைட்டானியம்) சேர்த்து மேலும் அரைத்தால், அதன் துகள்கள் கனிமத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. ஒளியை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கிறது என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் ரூட்டைலுக்குச் சுமார் 2.7, கார்பனேட்டுக்கு ஏறத்தாழ 1.6, நிறமியைப் பிணைத்துப் பிடிக்கும் ரெசினுக்கு 1.5. நிறமியின் எண் ரெசினின் எண்ணிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவுக்கு ஒளி சிதறி அடிநிறம் மறையும். ஆகவே மறைக்கும் வேலையை உள்ளிருக்கும் கனிமம் செய்வதில்லை; டைட்டானியத் துகள்கள் ஒன்றையொன்று நெருங்கி ஒளிச்சிதறலைக் கெடுத்துக்கொள்ளாதபடி விலக்கி வைப்பதே அதன் பங்கு. அதை நேர்மையாகவே செய்கிறது. கறுப்பு வெள்ளை அட்டையில் பூசிக் காயவைத்து, முழு டைட்டானியப் பெயிண்டின் பக்கத்தில் வைத்தால் பழகிய கண்ணும் தயங்கும்.

என் பொறுமையைச் சோதிப்பது ஈரம். டைட்டானியத்தின் அடர்த்தி 4.2, கார்பனேட்டின் அடர்த்தி 2.7, எடைக்கு எடை மாற்றும்போது நிறமியின் கன அளவு கூடுகிறது, ரெசினோ அதே அளவில் நிற்கிறது. பளபளப்பில்லாத பெயிண்டில் ஏற்கெனவே ரெசின் குறைவு என்பதால், துகள்களிடையே காற்று தங்கிவிடுகிறது. அந்தக் காற்றும் ஒளியைச் சிதறடிக்கும் வரை சுவர் வெளேரென்று இருக்கிறது. அதே இடைவெளியில் நீர் புகுந்தால், அதன் ஒளிவிலகல் எண் காற்றின் 1-ஐ விட ரெசினுக்கு நெருக்கமான 1.33 என்பதால், மறைப்பு சரிந்து பழைய நிறம் எட்டிப் பார்க்கிறது. பூசும்போதும் இதே தொல்லைதான்: ஈரப் படலத்தின் வழியே அடிச்சுவர் தெரிவதைக் கண்டு பெயிண்டர் தேவையில்லாமல் இன்னொரு பூச்சு கொடுத்துவிடுகிறார். தன் கண்ணை நம்புகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் நிறமியில் மிச்சப்படுத்தியது பூச்சில் போய்விடுகிறது.

ரெசினைக் கூட்டினால் இந்தக் குறை தணியும்; காற்று இலவசமாகத் தந்த மறைப்பும் கூடவே போய்விடும், மறுபடி டைட்டானியத்தைத் தேட வேண்டியதுதான். அமிலத்தில் கார்பனேட் கரையும் என்பதால் வெளிச்சுவருக்கு இதை நான் கொடுப்பதில்லை. கார்பனேட்டுக்குப் பதில் பேரைட்டை (பேரியம் சல்பேட் கனிமம்) மையமாக வைத்தால் அமிலத்தைத் தாங்கும், அடர்த்தி 4.5 என்பதால் கன அளவுச் சிக்கலும் வராது. டப்பாவின் அடியில் படிந்ததைக் கலக்கி எடுப்பது மட்டும் தனி வேலை.

தண்ணீர் படாத உட்கூரைக்கு இதைவிட நல்ல சரக்கு இல்லை என்று மனமறிந்து சொல்வேன். ஆயினும் பாதியை மாற்றலாமா என்ற கேள்விக்கு இன்றைய என் பதில், வேண்டாம் என்பதே. நண்பர் ரூட்டைலையே வாங்கட்டும். என் ஆலை மட்டும் இதை அரைத்துக்கொண்டிருக்கும்.