குழித்துறைக்குப் பக்கத்தில் ஓர் அடிமுறைக் களரி

பத்தொன்பது வருடமாகத் திருவனந்தபுரத்தில் செவிலியர் வேலை பார்க்கிறேன். வீடு குமரி மாவட்டத்துக் குழித்துறை. பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று தினமும் ரயிலில் போய் வருகிறேன். மாலை வேலை முடிந்து திரும்பும் நாட்களில் நிலையத்தில் இறங்கும்போது மணி பத்தைத் தாண்டிவிடும். அங்கிருந்து வீட்டுக்கு ரப்பர் தோட்டத்தின் ஓரமாகப் பன்னிரண்டு நிமிட நடை. நடுவில் இரண்டு தெருவிளக்குகள்தான், அதிலும் ஒன்று பெரும்பாலும் எரியாது. அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காகத்தான் நாற்பத்தோரு வயதில் தற்காப்புக் கலை படிக்கத் தொடங்கினேன். அடிமுறை என்ற இந்தப் பக்கத்துச் சண்டைக்கலையை ஒரு களரியில், அதாவது பயிற்சிக்களத்தில், படிக்கத் தொடங்கிப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. என்னைப் போல ராத்திரியில் தனியாக நடக்கும் பெண்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஆசானின் பெயரையும் களரியின் பெயரையும் எழுதவில்லை. வாசலில்கூட அவர் பலகை வைத்ததில்லை. எழுதலாமா என்று கேட்டேன். "படித்ததை எழுது மக்களே, என்னை எழுதாதே" என்றார்.

இதற்கு முன்பு ஒரு கராத்தே வகுப்பில் எட்டு மாதம் இருந்தேன். கண்ணாடிச் சுவர், குளிர்சாதனம், வெள்ளைச் சீருடை எல்லாம் உண்டு. இரண்டு முறை பெல்ட் தேர்வு நடந்தது, இரண்டுக்கும் தனித்தனியாகப் பணம் கட்டினேன். அந்த எட்டு மாதத்தில் ஒருவர்கூட என் கையைப் பிடித்து இழுத்ததில்லை. வரிசையாக நின்று காற்றைக் குத்தினோம், எண்ணிக்கொண்டே உதைத்தோம், வீட்டுக்குப் போனோம். கராத்தே மீது எனக்கு எந்தக் குறையும் கிடையாது. நல்ல இடத்தில் படித்தவர்கள் எப்படி நகர்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். அந்த வகுப்பில் எனக்குக் கிடைத்தது நல்ல வியர்வை மட்டும்தான்.

இந்தக் களரி அப்படி எதுவும் இல்லாத இடம். ஆசானின் வீட்டுக்குப் பின்னால் ஓலைக்கூரை போட்ட ஒரு கொட்டகை, சாணி மெழுகிய மண் தரை, மூலையில் ஒரு குத்துவிளக்கு. மழை இல்லாத நாட்களில் சக்கை (பலா) மரத்தடியில் திறந்த வெளியிலேயே பயிற்சி. வட கேரளப் பாணியான வடக்கன் களரியைப் பார்த்தவர்களுக்கு இது களரியாகவே தோன்றாது. திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையில் 1956ல் தொடங்கிய சி.வி.என். களரிக்கு ஒரு காலை வேளையில் போயிருக்கிறேன். தரை மட்டத்துக்குக் கீழே இறங்கிப் போகும் களம், மூலையில் ஏழு படி வைத்த பூத்தறை என்ற பூசை மேடை, எண்ணெய் மினுங்கும் உடம்போடு சிங்கம் போலவும் யானை போலவும் தாழ்ந்து எழும் இளைஞர்கள். நாற்பத்திரண்டு அடி நீளமும் இருபத்தோரு அடி அகலமும்தான் களரிக்குச் சொல்லப்படும் மரபான அளவு. அழகு என்றால் அதுதான் அழகு. ஆனால் அந்தத் தாழ்வும் தாவலும் சின்ன வயதில் தொடங்கினால்தான் உடம்பில் ஏறும்.

நாங்கள் படிக்கும் தெற்கன் முறையில் உடம்பை அவ்வளவு தாழ்த்துவதில்லை. காலை இடுப்புக்கு மேல் தூக்குவதும் குறைவு. நின்ற நிலையில், கைக்கெட்டும் தூரத்தில், வெறுங்கையோடு தொடங்குகிற கலை இது. என் வயதில் சேருகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது என்று உறுதியாகச் சொல்வேன். நம் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் அடிமுறை என்றும் வர்ம அடி என்றும் சொல்வது இதைத்தான். வடக்கில் பரசுராமரைக் குருவாகச் சொல்வார்கள், இங்கே அகத்தியரை. 1956 நவம்பர் 1 அன்று நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன, களியக்காவிளையில் எல்லைக்கோடு விழுந்தது. கலைக்கு அந்தக் கோடு தெரியாது. பாறசாலையிலிருந்து மலையாளம் பேசும் மூன்று பிள்ளைகள் எங்களோடு படிக்கிறார்கள். அவர்களும் வர்மப் பாட்டைத் தமிழில்தான் சொல்கிறார்கள், ஏனென்றால் அந்த ஓலைச்சுவடிகள் தமிழில்தான் இருக்கின்றன.

முதல் இரண்டு மாதம் கையைத் தூக்கவே விடவில்லை. சுவடு, சுவடு, சுவடு. தரையில் சுண்ணாம்பால் ஒரு சதுரம், அதற்குள் மூலைக்கு மூலை ஒரு கோடு. வலது கால் எங்கே போனால் இடது கால் எங்கே இருக்க வேண்டும், எடை எந்தக் குதிகாலில் இருக்க வேண்டும் என்பதுதான் பாடம். நேராகப் பின்னால் போனால் ஆசான் கம்பால் தரையில் தட்டுவார். எதிரே வருகிறவன் உன்னைவிட வேகமாக முன்னால் வருவான், பின்னால் ஓடினால் விழுவாய், கோணத்தில் விலகு என்பார். அதற்கு ஒழிவு என்று பெயர். அப்போது எனக்குப் பொறுமை போய்விட்டது. மாதம் எழுநூறு ரூபாய் கொடுத்து நடக்கப் படிக்கிறேனா என்று வீட்டில் புலம்பியிருக்கிறேன். அந்தப் புலம்பல் தவறு என்று இப்போது எழுத வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

மூன்றாம் மாதம் பூட்டும் (பிடித்து முடக்குவது) பிரிவும் (பிடியிலிருந்து விடுபடுவது) தொடங்கின. முதல் பாடம் மணிக்கட்டுப் பிடி. பாறசாலைப் பையன் ஒருவன், நல்ல வலு, என் வலது மணிக்கட்டைப் பிடித்தான். இழு என்றார் ஆசான். முழுப் பலத்தோடு இழுத்தேன், தோள்தான் வலித்தது. "அவனுக்கு நான்கு விரல் ஒரு பக்கம், ஒரு விரல் ஒரு பக்கம். நீ நான்கோடு ஏன் சண்டை போடுகிறாய்?" என்று கேட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக் காட்டினார். உள்ளங்கையை விரித்து, முன்கையின் குறுகிய ஓரம் அவனுடைய பெருவிரலும் மற்ற விரல்களும் சேரும் இடைவெளிக்கு நேராக வரும்படி திருப்ப வேண்டும். அதோடு முழங்கையை அவன் பக்கமாக வளைத்து முன்னால் கொண்டுபோக வேண்டும். ஒரு கால் கோணத்தில் நகர வேண்டும். மூன்றும் ஒரே நொடியில் நடக்க வேண்டும். கை தானாக வெளியே வந்துவிட்டது. இழுக்கவே இல்லை. பெருவிரல்தான் பிடியின் கதவு என்று அன்றைக்கு என் உடம்புக்குப் புரிந்தது. பிறகு அதையே நானூறு, ஐந்நூறு முறை செய்தோம். இரண்டு கைகளால் பிடித்தால், பின்னாலிருந்து பிடித்தால், முடியைப் பிடித்தால், துப்பட்டாவைப் பிடித்தால் என்று ஒவ்வொன்றாக. துப்பட்டா பாடத்தை ஆசான் எங்களுக்காகவே சேர்த்தார் என்று நினைக்கிறேன். பழைய பாட்டில் அது இருக்க வாய்ப்பில்லை.

பதினோராவது மாதம், ஒரு மழை இரவில், அந்த எரியாத விளக்குக்குக் கீழே ஒருவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். சாராய வாடை. பையைக் கேட்டானா, வேறு எதையாவது கேட்டானா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாக நினைவில்லை. குடை என் இடது கையில் இருந்தது. நினைவில் இருப்பதெல்லாம் கால்தான். என் வலது கால் கோணத்தில் போய்விட்டது, கை பின்னாலேயே வந்தது. அவன் பிடித்திருந்த இடத்தில் மழைத்தண்ணீர் வழுக்கியதும் உதவியிருக்கும். அடிக்கவில்லை. ஓடினேன், ஓடிக்கொண்டே கத்தினேன். சாயாக்கடை இன்னும் அடைக்கவில்லை. கடைக்கார அண்ணன் டார்ச்சோடு வெளியே வந்தார், அவன் தோட்டத்துக்குள் இறங்கிப் போய்விட்டான். கடையிலிருந்த அக்கா ஒரு கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) போட்டுக் கொடுத்தார். குடிக்க முடியாதபடி கை நடுங்கியது. அந்த நடுக்கத்தையும் எழுதுகிறேன், ஏனென்றால் பயிற்சி எடுத்தால் பயம் போய்விடும் என்று விளம்பரம் செய்கிறவர்கள் பலர். எனக்குப் பயம் போகவில்லை. பயத்தோடு கால் நகர்ந்தது.

மறுநாள் ஆசானிடம் சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "திரும்பிப் பார்க்காமல் ஓடினாயா?" என்பது. ஆமாம் என்றேன். தலையில் கை வைத்தார். கத்தியை எதிர்கொள்ளும் பாடத்தில் அவர் முதலில் சொல்வதும் இதுதான். வழி இருந்தால் ஓடு, பையைக் கேட்டால் கொடு, வழியே இல்லாதபோதுதான் கை. சுருள்வாள் (சுருட்டி வைக்கக்கூடிய நீண்ட வாள்) வீசத் தெரிந்த ஒருவர் வாயால் இதைக் கேட்பதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

வர்மத்தைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அடிபட்டால் ஆபத்தான உடம்பின் இடங்கள்தான் வர்மம். மரபில் நூற்றெட்டு வர்மம் என்பது கணக்கு. உயிருக்கே ஆபத்தானவை என்று சொல்லும் படுவர்மம் பன்னிரண்டு, அவ்வளவு கடுமையில்லாத தொடுவர்மம் தொண்ணூற்றாறு. சேர்ந்தவுடன் இதெல்லாம் சொல்லித் தருவார்கள் என்று நினைத்து வந்து, மூன்றே மாதத்தில் நின்றுபோனவர்கள் உண்டு. எனக்கு இதுவரை காட்டியது ஐந்தோ ஆறோதான். புருவங்களுக்கு நடுவே உள்ள திலர்த காலம் அதில் ஒன்று. "தெரிந்த பிறகு கை சும்மா இருக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும்" என்பது ஆசானின் பதில்.

மருத்துவமனையில் வேலை பார்ப்பவள் என்பதால் இதில் என் மனசாட்சிப்படியே எழுத வேண்டும். தொட்டால் இத்தனை நாளில் உயிர் போகும் என்ற வகைப் பேச்சை நான் ஏற்றுக்கொள்ளவில்லை, ஆசானிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதே சமயம், அவர் தொடாதே என்று காட்டும் இடங்களில் பலவற்றை எனக்கு வேறு பெயரில் தெரியும். கழுத்தின் பக்கவாட்டில் அழுத்தினால் இதயத்துடிப்பு குறைந்து ஆள் மயங்கலாம், அங்கே இருக்கும் பெரிய ரத்தக்குழாயின் வேலை அது. நெஞ்சுக்குழியில் அடி விழுந்தால் சுவாசத் தசை இறுகி மூச்சு நின்றதுபோல ஆகும். ஒருநாள் ஒரு பையனுக்கு அப்படி ஆனது. ஆசான் அவனை உட்காரவைத்து, முதுகில் இரண்டு இடத்தில் தட்டி, அடங்கல் என்று சொல்லும் இடத்தைத் தடவி விட்டார். அரை நிமிடத்தில் மூச்சு வந்தது. தடவாவிட்டாலும் அது பெரும்பாலும் தானாக வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த அரை நிமிடத்தில் பதறிப்போன ஒரு பதினைந்து வயதுப் பையனைப் பிடித்து உட்காரவைத்த கையின் நிதானம் எங்கள் அவசரப் பிரிவிலும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அடிக்கக் கற்றுக்கொள்ளும்போதே ஆற்றவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது இந்தக் கலையின் பிடிவாதம். சுளுக்குக்குக் காயத்திருமேனி தைலம் எப்போதும் கைவசம் இருக்கும். என் தோள்வலிக்கு அது நன்றாகக் கேட்டது.

குறைகளும் இருக்கின்றன. உடை மாற்ற இடம் கிடையாது, வீட்டிலிருந்தே மாற்றிக்கொண்டு வர வேண்டும். கழிப்பறை ஆசானின் வீட்டுக்குள்தான். மழைக்காலத்தில் கொட்டகை ஒழுகுகிறது, மெழுகிய தரை வழுக்குகிறது. பாய் கிடையாது, விழக் கற்றுக்கொடுப்பதும் போதாது. என் முழங்கால் இரண்டு முறை வீங்கியது. முதலுதவிப் பெட்டி இல்லை என்று பார்த்து நானே ஒன்று வாங்கி வைத்தேன். பொடிப்பிள்ளைகள் ஆசான் பார்க்காத நேரத்தில் ஒருவர் கழுத்தை ஒருவர் அழுத்திப் பார்ப்பதை இரண்டு முறை நிறுத்தியிருக்கிறேன். இதற்குக் கண்டிப்பான விதி வேண்டும், இது விளையாட்டு அல்ல.

சட்டம் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லித் தருவதில்லை என்பது இன்னொரு குறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. காப்பாற்றிக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய அந்த உரிமை இடம் தராது என்று 37ஆம் பிரிவு சொல்கிறது. கை ஓங்கப் படிக்கும் பதினெட்டு வயதுப் பையனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். 112 என்ற எண்ணும் பெண்களுக்கான 181ம் எல்லோருடைய கைப்பேசியிலும் இருக்க வேண்டும்.

பெண்களில் இப்போது நாங்கள் ஏழு பேர். இரண்டு பேர் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர்கள், ஒருவர் அங்கன்வாடி ஆசிரியை. ஆண்களோடுதான் சோடி போட்டுப் பயிற்சி. ஆசான் அதில் மிகக் கவனமாக இருக்கிறார், எங்கே பிடிக்கிறான் என்று அவர் கண் எப்போதும் அங்கேயே இருக்கும். தொடக்கத்தில் எனக்கும் கூச்சம் இருந்தது. வடகரையின் களரி ஆசான் மீனாட்சி அம்மாவுக்கு 2017ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எழுபது வயதைத் தாண்டிய அவர் புடவையைக் கச்சை கட்டிக்கொண்டு வாள் பிடித்து நின்ற படத்தைப் பத்திரிகையில் வெட்டி வைத்திருந்தேன். கூச்சம் வந்த நாட்களில் அதை எடுத்துப் பார்ப்பேன்.

சேர நினைப்பவர்களுக்கு: காலை ஐந்தரை முதல் ஏழு, மாலை ஆறு முதல் ஏழரை, வாரத்தில் ஐந்து நாள். மாதம் எழுநூறு, சேரும்போது வெற்றிலை பாக்கோடு மனதுக்குப் பட்ட தட்சிணை. ரசீது கிடையாது, தேர்வு கிடையாது, சான்றிதழும் கிடையாது. சான்றிதழ் வேண்டுபவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது. ரத்தக்கொதிப்போ மூட்டுவலியோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள், ஆசானிடமும் மறைக்காதீர்கள். ஆறு மாதம் பொறுக்க முடியாதவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. பொறுக்க முடிந்தால், இந்தச் சுற்றுவட்டாரத்தில் எழுநூறு ரூபாய்க்கு இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை.

எனக்கு வரும் திங்கட்கிழமை நெடுவடி (நீளக் கம்பு) பாடம் தொடங்குகிறது. நெற்றி அளவுக்கு வெட்டிய பிரம்பு ஒன்றை ஆசான் கொடுத்தனுப்பியிருக்கிறார். எண்ணெய் தடவி அடுக்களைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் நேற்று அதைத் தன் நெற்றியோடு சேர்த்து நிறுத்தி அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.