ஆர் மென்பொருளுடன் ஒன்பது ஆண்டுகள்: எண்களை விவரிப்பதிலும் படமாக்குவதிலும் நான் கண்டவை

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு அறிமுகப் புள்ளியியல் கற்பிக்கும் நான், எண்சார் தரவுகளை விவரிப்பதும் படமாக வரைவதும் பற்றிய பகுதியை ஒன்பது ஆண்டுகளாக ஆர் என்னும் புள்ளியியல் மென்பொருளைக் கொண்டே நடத்திவருகிறேன். அதற்கு முன்பு பல ஆண்டுகள் கரும்பலகை, வரைபடத்தாள், கணிப்பான் ஆகியவற்றைக் கொண்டு நடத்தியதால், இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லும் தகுதி எனக்கு ஓரளவு உண்டு என்று நம்புகிறேன். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவர் தொடங்கிய ஆர், 2000 பிப்ரவரி 29 அன்று 1.0.0 பதிப்பாக வெளிவந்தது; கட்டணம் ஏதும் இல்லை, பழைய கணினியிலும் ஓடும். அதன் ஆற்றல் முழுவதையும் இங்கே எடைபோட நான் முயலவில்லை. ஒரு பட்டியலில் உள்ள எண்களை முதன்முதலாகப் பார்க்கும் மாணவருக்கு அது எவ்வளவு உதவுகிறது, எங்கே தடுமாற வைக்கிறது என்பதை மட்டுமே பகிர்கிறேன்.

நான் ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் எடுப்பது, ஆரிலேயே உள்ளடங்கி வரும் ‘ஃபெய்த்ஃபுல்’ என்ற தரவுத் தொகுப்பு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் உள்ள ‘ஓல்ட் ஃபெய்த்ஃபுல்’ என்னும் வெந்நீர் ஊற்று 272 முறை பீறிட்டபோது, ஒவ்வொரு முறையும் அது எத்தனை நிமிடம் நீடித்தது, அடுத்த பீறிடலுக்கு எத்தனை நிமிடம் காத்திருக்க நேர்ந்தது என்ற இரண்டு அளவுகள் அதில் இருக்கின்றன. ‘சம்மரி’ என்ற கட்டளையைக் கொடுத்தால், பீறிடும் நேரத்தின் சிறும மதிப்பு 1.6, முதல் கால்மானம் (கால் பங்கு மதிப்புகள் இதற்குக் கீழே) 2.163, இடைநிலை (பாதி மதிப்புகள் இதற்குக் கீழே) 4, கூட்டுச் சராசரி 3.488, மூன்றாம் கால்மானம் (முக்கால் பங்கு மதிப்புகள் இதற்குக் கீழே) 4.454, பெரும மதிப்பு 5.1 என்று ஒரே வரியில் வந்துவிடும். இந்த ஆறு எண்களை மட்டும் காட்டி, “இந்த ஊற்று வழக்கமாக எவ்வளவு நேரம் பீறிடும்?” என்று கேட்டால், ஏறத்தாழ எல்லா மாணவர்களும் மூன்றரை நிமிடம் என்றே எழுதுகிறார்கள். சராசரியைத் தேடி எழுதுவதே விடை என்று பத்தாம் வகுப்பிலிருந்து பழகியவர்கள் வேறு எதை எழுத முடியும்? ஆனால் அந்த விடை தவறு. அது தவறு என்பதை அந்த ஆறு எண்களும் காட்டிக்கொடுக்கவில்லை என்பதுதான் இந்தப் பாடத்தை நான் நடத்தும் முறையையே மாற்றியது.

தவறைக் காட்டிக்கொடுப்பது ‘ஸ்டெம்’ என்ற கட்டளை தரும் தண்டு-இலை வரைபடம்; ஒவ்வோர் எண்ணின் முன் இலக்கங்களை இடப்புறம் தண்டாகவும், கடைசி இலக்கத்தை அதே வரியில் வலப்புறம் இலையாகவும் எழுதுவது அது. 1970-களில் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி பரவலாக்கிய இந்த வரைபடத்தை, வண்ணமும் கோடும் இல்லாமல் வெறும் எண்களாலேயே ஆனது என்பதால், தொடக்கத்தில் நான் ஒரு மணி நேரத்தில் முடித்துக் கடந்துவிடுவேன். இப்போது இரண்டு வாரம் அதிலேயே நிற்கிறேன். பீறிடும் நேரங்களைத் தண்டு-இலையாக அச்சிட்டால், மேலே இரண்டு நிமிடத்தை ஒட்டி ஒரு குவியலும், கீழே நான்கரை நிமிடத்தை ஒட்டி இன்னொரு பெரிய குவியலும், நடுவே ஏறக்குறைய வெற்றிடமும் தெரிகின்றன. 2.6 நிமிடம் முதல் 3.2 நிமிடம் வரையிலான மூன்று வரிகளில் மொத்தம் ஆறே ஆறு இலைகள்தான் உள்ளன. சராசரியான 3.488-ஐ ஒட்டிய பகுதியும், அதாவது 3.2-க்கும் 3.6-க்கும் இடைப்பட்ட இரண்டு வரிகளும், பத்து இலைகளுடன் மெலிந்தே இருக்கின்றன. இந்த ஊற்று குறுகிய நேரம் பீறிடுகிறது, இல்லையேல் நீண்ட நேரம் பீறிடுகிறது. ‘வழக்கமான’ மூன்றரை நிமிடம் என்பது அதற்கு மிக அரிதாகவே நேர்கிறது.

தண்டு-இலையில் எனக்கு மிகவும் பிடித்தது இது மட்டுமன்று. ஒவ்வோர் எண்ணும் தன் கடைசி இலக்கத்தோடு அப்படியே நிற்பதால், அளந்தவரின் கைப்பழக்கம்கூட அதில் வெளிப்படுகிறது. முதல் வரியில் 5 என்ற இலை ஆறு முறை அடுத்தடுத்து வரும்; அவை ஆறும் 1.75 நிமிடங்கள், அதாவது 105 நொடிகள். இந்த நேரங்கள் முதலில் நொடிகளில் குறிக்கப்பட்டவை என்றும், ஐந்தின் மடங்குகள் இயல்பாக எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிகமாக வருகின்றன என்றும் ஆரின் உதவிப் பக்கமே சொல்கிறது. கடிகாரத்தைப் பார்த்து எழுதியவர் 104 என்றோ 106 என்றோ எழுதாமல் 105 என்று எழுதிவிடும் அந்தப் பழக்கம், நம் ஊரில் வயது கேட்டால் நாற்பது, நாற்பத்தைந்து என்று சொல்வதைப் போன்றது என்று விளக்கும்போது மாணவர்களுக்கு உடனே பிடிபடுகிறது. நான் வகுப்பில் வரையும் வேறு எந்தப் படமும் இதை இவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை.

இதில் ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். தரவைப் பொறுத்துச் சில வேளைகளில் ஆர் இரண்டு தண்டுகளை ஒரே வரியில் சேர்த்துவிடுகிறது. இந்தத் தரவில் 16 என்று தொடங்கும் வரியில் 1.6-ம் 1.7-ம் சேர்ந்தே இருக்கின்றன. 0, 7 என்று ஏறிய இலைகள் மறுபடி 0-விலிருந்து தொடங்குவதைக் கவனித்தால்தான் அங்கே அடுத்த தண்டு ஆரம்பிக்கிறது என்று புரியும். முதல் ஆண்டில் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, வகுப்பில் பாதிப் பேர் எண்களைத் தவறாகப் படித்ததைப் பார்த்த பிறகே எனக்கு உறைத்தது. கட்டளையில் ‘ஸ்கேல்’ அளவை 2 என்று கொடுத்தால் வரிகள் பிரிந்துவிடும். அதை இப்போது முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

அடுத்து, ஹிஸ்டோகிராம் எனப்படும் நிகழ்வுச் செவ்வகப் படம்; ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை மதிப்புகள் விழுகின்றன என்ற நிகழ்வெண்ணைச் செவ்வகத்தின் உயரமாகக் காட்டுவது. ‘ஹிஸ்ட்’ என்று அழைத்தவுடன் ஆர் தானாகவே அரை நிமிட அகலத்தில் எட்டுப் பிரிவுகளை அமைத்து, 55, 37, 5, 9, 34, 75, 54, 3 என்ற நிகழ்வெண்களுடன் இரட்டை முகட்டை அழகாகக் காட்டுகிறது. ஆனால் நம் பாடநூல் வழியில் கையால் பட்டியலிட்ட மாணவருக்கு 51, 41, 5, 7, 30, 73, 61, 4 என்றே வரும். இரண்டுமே கூட்டினால் 272 தான். பிரிவின் மேல் எல்லையில் சரியாக விழும் மதிப்பை நாம் அடுத்த பிரிவில் சேர்க்கிறோம், ஆரோ அதே பிரிவில் சேர்க்கிறது. மிகச் சரியாக 2 நிமிடம் நீடித்த நான்கு பீறிடல்கள்தான் முதல் பிரிவை 51-லிருந்து 55 ஆக்குகின்றன. தான் தவறாக எண்ணிவிட்டதாகக் கருதிச் சரியான பட்டியலை அடித்துவிட்டு மென்பொருளின் எண்களை எழுதிவைத்த மாணவியை நான் பார்த்திருக்கிறேன். கட்டளையில் ‘ரைட்’ என்ற அமைப்பை ‘ஃபால்ஸ்’ (இல்லை) என்று மாற்றினால் நம் மரபுக்கு வந்துவிடும் என்றாலும், எல்லை மதிப்பு எங்கே சேர்க்கப்படுகிறது என்பதைப் படத்தின் கீழே ஒரு வரியில் எழுதும் பழக்கத்தையே நான் வலியுறுத்துகிறேன்.

பிரிவின் அகலத்தைப் பொறுத்துப் படம் மாறும் என்பதைப் பாடநூல் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடும்; அதைக் கண்ணால் காண வைப்பதில்தான் கணினியின் உண்மையான பயன் இருக்கிறது. அகலத்தை 2 நிமிடமாக வைத்தால் 55, 85, 132 என்று மூன்றே செவ்வகங்கள், படிக்கட்டுபோல் ஏறிக்கொண்டே போகின்றன. நடுவில் இருந்த பள்ளம் முழுவதும் மறைந்துவிடுகிறது. அதே தரவுதான், ஒரு கணக்கும் தவறவில்லை, ஆனாலும் அந்தப் படத்தைப் பார்ப்பவர் தவறான முடிவுக்கே வருவார். 20 பிரிவுகள் வேண்டும் என்று கேட்டால் ஆர் அந்த எண்ணிக்கையை ஒரு பரிந்துரையாக மட்டும் எடுத்துக்கொண்டு, 0.2 நிமிட அகலத்தில் 18 பிரிவுகளைத் தருகிறது. முழுமையான எல்லைகள் கிடைக்கட்டும் என்ற நல்ல நோக்கத்தில் செய்யப்படும் ஏற்பாடு இது. ஆனாலும் கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்று மாணவர் திகைக்காமல் இருக்க, எல்லைகளை நாமே வரிசையாகக் கொடுத்துவிடுவது நல்லது. மூன்று வெவ்வேறு அகலங்களில் வரையாமல் எந்த நிகழ்வுச் செவ்வகப் படத்தையும் நான் ஏற்பதில்லை.

பெட்டி வரைபடத்தைப் பற்றி என் கருத்து இந்த ஒன்பது ஆண்டுகளில் மிகவும் மாறியிருக்கிறது. சிறும மதிப்பு, முதல் கால்மானம், இடைநிலை, மூன்றாம் கால்மானம், பெரும மதிப்பு என்ற ஐந்து எண்களில் ஒரு பரவலையே அடக்கிவிடும் அதன் சிக்கனத்தில் ஒரு காலத்தில் எனக்குப் பெரும் ஈர்ப்பு இருந்தது. இதே பீறிடும் நேரங்களுக்கு அதை வரைந்தால், ஏறத்தாழ 2.2 முதல் 4.5 வரை ஒரு பெரிய பெட்டி, அதனுள் 4-இல் ஒரு கோடு, இருபுறமும் மீசைகள் எனப்படும் கோடுகள், ஒதுங்கிய மதிப்பு ஒன்றுகூட இல்லை. பெட்டி என்றால் தரவின் நெஞ்சுப் பகுதி என்று கற்பிக்கிறோம். இங்கேயோ தரவிலேயே மிக வெறுமையான பகுதி அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. ஆகவே ஒற்றைத் தரவுக்குப் பெட்டி வரைபடத்தை மட்டும் தருவதை நான் நிறுத்திவிட்டேன்.

ஆனால் குழுக்களைப் பிரித்து அருகருகே வைக்கும்போது அதே பெட்டி மிக நேர்மையாகப் பேசுகிறது. 3 நிமிடத்துக்கு மேற்படாத 97 பீறிடல்களை ஒரு குழுவாகவும், மீதி 175 பீறிடல்களை மற்றொரு குழுவாகவும் பிரித்து, காத்திருக்கும் நேரத்துக்கு இரண்டு பெட்டிகள் வரைந்தால், ஒன்று கீழேயும் ஒன்று மேலேயும் தெளிவாக விலகி நிற்கின்றன. குறுகிய பீறிடலுக்குப் பின் சராசரியாக ஏறத்தாழ 54 நிமிடமும், நீண்ட பீறிடலுக்குப் பின் ஏறத்தாழ 80 நிமிடமும் காத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்லப்படும் 70.9 நிமிடம் இந்த இரண்டு குழுவுக்கும் பொருந்தாது. யெல்லோஸ்டோன் பூங்காவினர் அடுத்த பீறிடலை முன்கூட்டிச் சொல்வதற்கு, முந்தைய பீறிடல் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைத்தான் பார்க்கிறார்கள் என்று வகுப்பில் சொல்லும் அந்த நாளுக்காகவே நான் ஆண்டுதோறும் காத்திருக்கிறேன்.

கால்மானங்களைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை அவசியம். 1 முதல் 8 வரையிலான எட்டு எண்களுக்கு முதல் கால்மானம் என்ன என்று கேட்டால், எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி நான்கால் வகுக்கும் நம் பாடநூல் விதி 2.25 என்று சொல்லும். ஆரின் ‘குவான்டைல்’ என்ற கட்டளை 2.75 என்று சொல்லும். அதே ஆரின் பெட்டி வரைபடமோ 2.5-இல் பெட்டியைத் தொடங்கும். மூன்றும் சரியே, விதிகள்தாம் வேறு. ஆரில் இதற்கு ஒன்பது வகைகள் உள்ளன. ஆறாம் வகையைக் கேட்டால் பாடநூல் விடை கிடைக்கும். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியுள்ளன என்பதை அளக்கும் திட்ட விலக்கத்திலும் இதே நிலைதான். 2, 4, 6, 8, 10 என்ற ஐந்து எண்களுக்குப் பத்தாம் வகுப்பு முறையில் 2.83 என்று கண்ட மாணவருக்கு, எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுக்கும் ஆர் 3.16 என்று தரும். தேர்வுக்கு முந்தைய வாரம் இதைக் கண்டு கலங்கியவர்கள் பலர் என்பதால், வேறுபாட்டை முதலிலேயே எடுத்துச் சொல்வது ஆசிரியரின் கடமை என்று கருதுகிறேன்.

திட்ட விலக்கம் எவ்வளவு எளிதில் ஆட்டம் காணும் என்பதற்கு நான் பயன்படுத்துவது, ஆருடன் சேர்ந்தே வரும் ‘மாஸ்’ தொகுப்பில் உள்ள, வானியலாளர் நியூகோம்பின் அளவீடுகள். சைமன் நியூகோம்ப் 1882-இல் வாஷிங்டனில், பொட்டோமாக் ஆற்றின் ஒரு கரையிலிருந்து வாஷிங்டன் நினைவுத் தூணின் அடிக்கு ஒளி சென்று திரும்ப ஆன நேரத்தை 66 முறை அளந்தார். 24,800 நானோநொடியைக் கழித்து மீதியை மட்டும் பட்டியலிட்டால், பெரும்பாலானவை 16-க்கும் 40-க்கும் இடையில் இருக்க, -44, -2 என்ற இரண்டு மட்டும் வெகுதூரம் ஒதுங்கி நிற்கின்றன. அவற்றுடன் சேர்த்துச் சராசரி 26.2, திட்ட விலக்கம் 10.7, அவற்றை நீக்கினால் சராசரி 27.75 ஆகவும், திட்ட விலக்கம் பாதிக்கும் குறைவாக 5.1 ஆகவும் மாறுகின்றன. இரண்டே மதிப்புகள் பரவலின் அளவை இரட்டிப்பாக்கிவிட்டன என்பதைப் பார்த்த மாணவர்கள், அவற்றை நீக்கிவிடலாமா என்று கேட்கிறார்கள். இன்று ஏற்கப்பட்டுள்ள ஒளிவேகத்தின்படி இந்த அளவில் வரவேண்டிய எண் 33 என்று அப்போது சொல்வேன். நீக்கினாலும் நீக்காவிட்டாலும் சராசரி அங்கே போய்ச் சேரவில்லை. கருவியிலேயே இருந்திருக்கக்கூடிய சாய்வை எந்த நிகழ்வுச் செவ்வகமும் காட்டாது.

தமிழில் படம் வரைவது பற்றியும் சொல்ல வேண்டும். அச்சுகளுக்குத் தமிழில் பெயரிட்டு வழக்கமான முறையில் பிடிஎஃப் கோப்பாகச் சேமித்தால், எழுத்துகளுக்குப் பதிலாகப் புள்ளிகளே வரும். ‘கெய்ரோ’ என்ற வரைகலை நிரல் வழியாகச் சேமித்தால் கொம்பும் காலும் இடம் மாறாமல் எழுத்துகள் ஒழுங்காக அமைகின்றன. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஓர் ஆண்டு ஆனது. அதுவரை தமிழ்வழி மாணவர்கள் படத்தை அச்சிட்டு, பெயர்களைப் பேனாவால் எழுதி ஒப்படைத்தார்கள்.

இன்னமும் தண்டு-இலை வரைபடத்தை முதல் முறை கையால்தான் எழுத வைக்கிறேன், அதுவும் முப்பது எண்களுக்கு மட்டும். எண்களை ஒவ்வொன்றாக அதன் தண்டில் கொண்டுபோய் வைக்கும்போது, பாதி வேலையிலேயே “நடுவில் ஒன்றும் விழவில்லையே, ஐயா” என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். அதன் பிறகே கணினியைத் திறக்கச் சொல்கிறேன்.